எந்த ஆத்துத் தண்ணி இது?

ஆடிப் பதினெட்டுக்கு கே.கே. நகரில் ஆறும் கிடையாது, படித்துறையும் கிடையாது. எங்கள் அடுக்ககத்தில் இருப்பது ஓர் அடிபம்பும் அதன் பக்கத்தில் சம்ப் மூடியும்தான். என் மாமியார் கும்பகோணம் பக்கத்துக்காரர், காவிரிக்கரையில் வளர்ந்தவர். சென்னைக்கு வந்தும் அந்த நாளை அவர் விட்டதில்லை. அடிபம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் நூல் சுற்றி, தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் படைப்பார். வாட்ச்மேனுக்கு அது வேடிக்கை. ஆனாலும் சாதத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பதால், மோட்டார் போடுவதைக் கொஞ்ச நேரம் தள்ளிவைப்பார். ஒரு வருஷம் கற்பூரத்தைக் காட்டியபடியே மாமியார் என்னைக் கேட்டார்.

"ஏம்மா, இது எந்த ஆத்துத் தண்ணி?"

"மெட்ரோ வாட்டர், அத்தை."

"அது ஆபீஸ் பேரு. நான் ஆத்தைக் கேக்கறேன்."

வரி கட்டப் போன இடத்தில் ஒரு பொறியாளரிடம் இதைக் கேட்டேன். ஏதோ புகார் என்று நினைத்தவர், விஷயம் இவ்வளவுதான் என்றதும் சிரித்துவிட்டார். "ஒரே ஏரித் தண்ணி இல்லம்மா, கலந்துதான் வரும்" என்று ஒரு பழைய தாளைத் திருப்பிப்போட்டுப் படம் வரைய ஆரம்பித்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வடக்கே பூண்டி, சோழவரம், புழல். மேற்கே செம்பரம்பாக்கம். இவை நம் ஊர் மழையைப் பிடித்துவைக்கிறவை. பூண்டிக்கு ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் கிருஷ்ணா நீர் வருகிறது. அந்தக் கிருஷ்ணா பிறப்பதோ மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மலையில். 1983இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) விட்டுக்கொடுக்க வேண்டும், வழியில் ஆவியாவது போக நமக்கு 12 என்பது கணக்கு. கணக்கில் உள்ளது முழுசாக வந்து சேர்வது அபூர்வம். கிழக்கே கடல்: 2010 முதல் மீஞ்சூர், 2013 முதல் நெம்மேலி, இரண்டும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் உப்பு நீக்கித் தரும் அளவில் கட்டியவை. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலை 2024இல் வந்தது.

தெற்கே நீளமாக ஒரு கோடு இழுத்து, தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். வீராணம். கடலூர் மாவட்டத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே பயணம் செய்து போரூருக்கு வருகிற தண்ணீர். 2004 முதல் வருகிறது, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து என்றால், காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக. கீழணை இருப்பது அணைக்கரையில், மாமியாரின் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

வீட்டுக்கு வந்து தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எங்க காவேரிக்குத்தான் இத்தனை வருஷமா பூஜை பண்ணிண்டிருக்கேன்" என்றார். பிறகு சமையலறைக்குள் போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

நன்றியோடு இருப்பது எப்படி என்று நான் படித்ததும் கேட்டதும் நிறைய. தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுது என்பார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டாவது வாரத்திலேயே 'குடும்பம், காபி, ஆரோக்கியம்' என்று வந்து நின்றுவிடும். அது பொய்யில்லை, ஆனால் யாருக்கு நன்றி என்பது அதில் இல்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது என்ற திருப்தியோடு அது முடிந்துபோகிறது. எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் சூரியோதயப் படத்தோடு 'நன்றியுடன் இந்நாளைத் தொடங்குவோம்' என்று தினம் காலை ஆறு மணிக்கு வரும். அதே கையால் கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதும் காலை எட்டு மணிக்கு நடக்கும். என் மாமியாரின் கேள்வியில் வேறொன்று இருந்தது. அவர் தன் நன்றிக்கு முகவரி கேட்டார். சரியான முகவரி கிடைத்துவிட்டால், சும்மா உட்கார்ந்து நன்றியாக இருக்க முடிவதில்லை. செய்யவேண்டிய ஏதோ ஒரு வேலை வந்து சேர்ந்துவிடுகிறது. நான் இங்கே சொல்ல நினைப்பது அந்த வேலைகளைப் பற்றித்தான்.

அதன்பின் காட்டுமன்னார்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டி வந்தது. லால்பேட்டை வழியாக ஏரிக்கரை மேலேயே சாலை போகிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. கார் போகப் போக ஒரு பக்கம் தண்ணீர் முடியவே இல்லை. இன்னொரு பக்கம், கரைக்குக் கீழே, பச்சையாக நடவு. இந்த ஏரியை நம்பி 44,000 ஏக்கருக்கு மேல் பாசனம் இருக்கிறது. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஒரு பெரியவர் எந்த ஊர் என்று விசாரித்தார். சென்னை என்றோம்.

"அப்ப எங்க ஏரித் தண்ணியத்தான் குடிக்கிறீங்க. எப்படி, நல்லா இருக்கா?"

விருந்தாளியிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் தோரணை அதில் இருந்தது. நல்லா இருக்குங்க ஐயா என்றேன். அப்புறம்தான் அவர் மெதுவாகச் சொன்னார்: "மட்டம் இறங்கிட்டா எங்க மதகை மூடிருவாங்க. உங்க குழாய் ஓடும்." கோபமாகச் சொல்லவில்லை. "குடிக்கிற தண்ணிய வேணாங்க முடியுமா? ஆனா நாத்து காயறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறது கஷ்டம்" என்று டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மனமுவந்து கொடுத்தவருக்கு நன்றி சொல்வதில் சிரமமே இல்லை. நமக்கு வருவதில் பெரும்பகுதி அப்படி வருவதில்லை. யாரையும் கேட்காமல், எங்கோ ஓர் உத்தரவின்படி, ஒருவரின் பங்கிலிருந்து எடுத்து நமக்கு வருகிறது. நன்றி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை ஏன் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. அந்தப் பெரியவரிடம் 'ரொம்ப நன்றி' என்று சொல்லியிருந்தால் அது அவருக்கு என்ன செய்யும்? அவர் எதிர்பார்க்கக்கூடியது ஒன்றுதான்: நம் ஊரில் விழுகிற மழையை நாம் ஒழுங்காகப் பிடித்துக்கொள்வது.

எங்கள் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது. 2003இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது போட்டது. போட்டதோடு சரி. மொட்டைமாடிக் குழாயின் வாயில் சருகும் பழைய துணிக்கிளிப்பும் அடைத்திருந்தன. குழிக்குள் ஜல்லி தெரியாமல் களிமண். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும் என்பதால் செப்டம்பரிலேயே ஆளை வைத்து வேலையை முடித்தோம். மாடியைப் பெருக்கிக் கழுவி, குழாய் வாய்களுக்குச் சல்லடை போட்டு, குழியிலிருந்த மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்து, களிமண் போக அலசி, பெரிய கல் அடியிலும் மணல் மேலேயுமாகத் திரும்ப நிரப்பினோம். ஒரு குழாயை மூடிக்கிடந்த பழைய கிணற்றுக்குத் திருப்பிவிட்டோம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே போகவிட வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். இப்போது வருஷா வருஷம் பராமரிப்புப் பணத்தில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்குகிறோம். அலமாரிக்கணக்கில் புத்தகம் படித்தும் வராத நன்றியுணர்ச்சி, அந்தக் களிமண்ணை வாளியில் தூக்கியபோது வந்தது என்று மூன்றாம் மாடி சார் சொன்னார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறவர்தான்.

2019 கோடையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாலு ஏரியும் வறண்டு, மெட்ரோ லாரிக்கு டோக்கன் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அப்போது ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. டி.வி.யில் அந்த ரயிலுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டிருந்ததைக் காட்டினார்கள். ஆனால் ஜோலார்பேட்டைப் பக்கத்தில், தங்கள் தண்ணீர் குறைந்துவிடுமோ என்று ஜனங்கள் கவலைப்பட்டது நம் காதில் அவ்வளவாக விழவில்லை. அவர்களும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எங்கிருந்தோ வருகிற தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள்தான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடக் கிளம்பினால் ஒன்றும் நடக்காது. நாங்கள் ஒரு பருவத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். தண்ணீருக்கு அடுத்தது பால்.

பாலில் முதல் ஆள் எளிதாகக் கிடைத்துவிடுவார்: பூத்காரர். விடிவதற்கு வெகுநேரம் முன்பே டப்பாக்களை இறக்கிவைத்து நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பிரித்து அடுக்குகிறவர். இத்தனை வருஷமாக அவரிடம் 'ரெண்டு பச்சை' என்பதைத் தவிர நான் வேறு பேசியதில்லை. என்ன கஷ்டம் என்று கேட்கக் கூடாது, வேலை எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும். இதை நான் பிறகுதான் கண்டுகொண்டேன். கஷ்டத்தைக் கேட்டால் அவர்கள் நமக்காக ஒரு சோகக்கதையைத் தயார்செய்ய வேண்டியிருக்கும். வேலையைக் கேட்டால் முகம் மலர்ந்து சொல்கிறார்கள். பாக்கெட் ஒழுகினால் அந்த நஷ்டத்தில் எவ்வளவு அவர் தலையில் விழும், மழை நாளில் வண்டி தாமதமானால் யார் யாரெல்லாம் அவரைத் திட்டுவார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. அவருக்கு வேண்டியிருந்தது சில்லறை. அவ்வளவுதான். மாதக்கடைசியில் வீட்டில் சேரும் பத்து ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை இப்போது அவரிடம்தான் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்கிறோம்.

அதற்கும் பின்னால் இருக்கும் ஆளை என் தோழி காட்டினாள். அவளுடைய அம்மா திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். இருட்டில் எழுந்து கறந்து, தூக்கில் எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். அங்கே அளந்து ஊற்றி, ஒரு குப்பியில் மாதிரி எடுத்து, கொழுப்பும் கொழுப்பல்லாத மற்ற சத்தும் பார்த்து எழுதுவார்கள். விலை அதைப் பொறுத்தது. சாயங்காலம் திரும்ப இதே கதை. பொங்கல், தீபாவளி, காய்ச்சல், எதற்கும் விடுமுறை இல்லை. தோழிக்குச் சென்னையில் பிரசவம் ஆனபோது அந்த அம்மா இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கவில்லை. "மாடு வேற கைக்குக் கறக்காது" என்று பஸ் ஏறிவிட்டார். அந்த வீட்டுப் பாலும் எங்கோ குளிரூட்டி, டேங்கரில் ஏற்றி, மற்ற ஊர்ப் பாலோடு கலந்து, பாக்கெட்டில் இங்கே வந்திருக்கும். பேத்தியோடு இருந்திருக்கவேண்டிய நாட்களும் அதில் கலந்துதான் வருகிறது என்று தோழி ஒருமுறை சொன்னாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இதனால் மாறியது ஒன்று உண்டு. பால் விலை ஏறினால் நான் இப்போது இரண்டு எண்களைத் தேடிப் படிக்கிறேன்: கடை விலை எவ்வளவு ஏறியது, கொள்முதல் விலை எவ்வளவு ஏறியது. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் கடையில் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. அதே சமயம் பசும்பாலுக்கு உற்பத்தியாளர் பெறும் விலை 32இலிருந்து 35 ஆனது. நீலமும் பச்சையும் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலையேற்றத்தைத் திட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகத் திட்டலாம், அந்த மூன்று ரூபாயைத் திட்டாமல் இருந்தால் போதும்.

வருகிறவை எங்கிருந்து என்று கேட்டவர்கள், போகிறவை எங்கே என்றும் கேட்டுத்தான் ஆகவேண்டும். எங்கள் தெருவுக்கு பேட்டரி வண்டியில் வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா ஒருநாள் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். யாரோ உடைந்த கண்ணாடி டம்ளரை அப்படியே பையில் போட்டிருக்கிறார்கள். கையுறை இருந்தது, கண்ணாடி அதையும் கிழித்திருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, பழைய அட்டைப்பெட்டியில் வைத்து, ஒட்டி, சிவப்பு மார்க்கரில் 'கண்ணாடி' என்று எழுதி, கையிலேயே கொடுக்கிறோம். நாப்கினையும் டயப்பரையும் பத்திரமாகச் சுற்றித்தான் தரவேண்டும் என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. தீபாவளி இனாமைவிட இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இனாம் கொடுத்துவிட்டு மறுநாள் பிளேடைக் குப்பையில் போடுகிற வீடுகள் உண்டு.

வெயில் காலம் என்பதால் டீ, மோர் எல்லாம் கொடுக்க முன்வந்தோம். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "டீ வேணாம்மா. டீ குடிச்சா எங்க போறது? கீழ இருக்கற பாத்ரூமைத் தொறந்து விட்டா நல்லாருக்கும்."

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை இருக்கிறது. வேலைக்காரர்களுக்கு என்று கட்டி, பூட்டி, சாவியை யாரோ வைத்திருந்தார்கள். அதைத் திறக்க ஒரு பொதுக்குழு தேவைப்பட்டது. யார் சுத்தம் செய்வது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் வந்துவிட்டால், தண்ணீர் செலவு, எல்லாம் பேசினோம். ஒருவர் "வரி கட்டறோமே, அதுவே அவங்களுக்குச் சம்பளம், அப்புறம் என்ன நன்றி தனியா?" என்றார். கேள்வி தப்பில்லை. சம்பளம் கடன், அதைத் தீர்த்தே ஆகவேண்டும். ஆனால் பூட்டிய கதவைத் திறப்பது சம்பளத்துக்குள் வராது. மாமியார் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். "சாவிய என்கிட்ட குடுங்கோ, நான் பாத்துக்கறேன்" என்றதும் விவாதம் முடிந்துபோனது. இப்போது சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. தபால்காரரும் டெலிவரி பையன்களும் கீரைக்காரம்மாவும்கூடப் பயன்படுத்துகிறார்கள். பயந்தபடி ஒன்றும் ஆகிவிடவில்லை.

எதைக் கொடுக்கலாம் என்று நாமாக யோசிப்பதைவிட, கேட்டுவிடுவது நல்லது. கேட்ட பின், சிரமமான பதில் வந்தாலும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். போட்டோ எடுக்காதீர்கள். முக்கியமாக, குழந்தைகளை முன்னால் நிறுத்தி 'அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்லு' என்று சொல்லவைப்பது இரண்டு பேருக்கும் தர்மசங்கடம். என் மகளிடம் கண்ணாடிப் பெட்டியில் எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறோம். அவள் அதில் மண்டையோடு படமும் வரைகிறாள்.

கழிவுநீர்க் குழாய் அடைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அடைத்துக்கொண்டால், 'நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார், உள்ளே இறங்கி எடுத்துடுவார்' என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். இறக்கியவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், உள்ளே இருக்கும் வாயு ஒரு நிமிஷத்தில் ஆளை முடித்துவிடும். மெட்ரோ வாட்டருக்கு 1916இல் சொன்னால் எந்திரம் வரும். தாமதமாகலாம். அதுவரை குளியலைக் குறைத்துக்கொள்ளலாம், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்துக்கு மின்சாரம் என்று முடிவு. மகள் எடுத்த தலைப்பு. நெய்வேலி, கல்பாக்கம், ஆரல்வாய்மொழிக் காற்றாலை என்று அவளே பட்டியல் போட்டிருக்கிறாள். பக்கத்தில் இருப்பது அத்திப்பட்டு அனல்மின் நிலையம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம். எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் என் அலுவலகத்தில் இருக்கிறார். நிலக்கரிச் சாம்பல் ஆற்றில் படிந்த கதையை அவர் சொல்வதாக இருக்கிறது. "வீட்டுக்கு வாங்க, ஆனா வெள்ளைச் சட்டை போட்டுட்டு வராதீங்க" என்றிருக்கிறார். பேசிவிட்டு வந்தபின், மாடியில் சூரியத் தகடு போடும் விஷயத்தை மறுபடி பொதுக்குழுவில் வைக்க வேண்டும். போன முறை மூன்றாம் மாடி சார் எதிர்த்து ஓட்டுப் போட்டார். இந்த முறை அவரையும் அத்திப்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறோம்.